படுத்துவிடாத சர்வர், பயமுறுத்தாத பில்: கிளவுட் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது ஆடை ஏற்றுமதி நிறுவனம். ஆர்டர், ஸ்டாக், பில்லிங் எல்லாம் கிளவுட்டில் ஒரே சர்வரில் ஓடுகின்றன. போன மாதம் டிஸ்க் நிரம்பி அரை நாள் படுத்துவிட்டது. இரண்டு கிளவுட்டில் குபெர்னெட்டிஸ் (பல சர்வர்களில் மென்பொருளைத் தானாகப் பிரித்து ஓட்டும் கருவி) போட்டால்தான் தீரும் என்கிறார் ஆலோசகர். பில் மூன்று மடங்கு ஆகுமாம். தேவையா? (வாசகர், திருப்பூர்)

பதில்: டிஸ்க் நிரம்பியதற்கு மருந்து, 80 சதவீதம் தாண்டினால் போனுக்குத் தகவல் வருகிற ஓர் அலர்ட். அதற்குப் போய் இரண்டாவது கிளவுட்டா?

ஆலோசகரிடம் பேசுவதற்கு முன் முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மென்பொருள் எவ்வளவு நேரம் நின்றால் தொழில் தாங்கும்? எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்கும்? இதற்குப் பதில் தெரியாமல் யார் எதை வரைந்து கொடுத்தாலும் அது வீண்செலவு. 99.9 சதவீதம் ஓடும் என்றால் வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம், 99.99 என்றால் சுமார் 53 நிமிடம்தான். கேட்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், பில்லில் அப்படி இருக்காது.

உங்கள் அளவுக்கு ஒரே ரீஜியனில், அதாவது கிளவுட் நிறுவனம் டேட்டா சென்டர்கள் வைத்திருக்கும் ஒரே வட்டாரத்தில், இரண்டு ஸோன் (ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும்படி தனித்தனியாகப் பிரித்த பகுதி) போதும். 2016இல் வந்த அமேசானின் மும்பை ரீஜியனில் மூன்று ஸோன்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம், தனி டேட்டா சென்டர். ஸோனுக்கு ஒன்றாக இரண்டு சின்ன சர்வர், முன்னால் வேலையை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு லோட் பாலன்சர், டேட்டாபேஸுக்கு அடுத்த ஸோனில் ஒரு ஸ்டாண்ட்பை, அதாவது உடனுக்குடன் காப்பி ஆகித் தயாராக நிற்கும் மாற்று. டேட்டாபேஸ் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், அது கொடுக்க வேண்டிய காசு. இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: இரண்டு சர்வரும் தலா 80 சதவீத லோடில் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்று விழுந்ததும் மொத்த பாரமும் மற்றதின் தலையில் ஏறி அதுவும் விழும். பாதிக்கும் கீழே வைத்திருந்தால்தான் இரண்டு இருப்பதற்கு அர்த்தம். அப்புறம், அப்லோட் ஆகும் ஃபைல்களையும் லாகின் விவரத்தையும் சர்வரின் சொந்த டிஸ்க்கில் வைக்காதீர்கள், மற்ற சர்வருக்கு அவை கிடைக்காது.

குபெர்னெட்டிஸ் நல்ல சாமான்தான், அதைக் கட்டி மேய்க்க ஆள் இருக்கிற கம்பெனிக்கு.

கேள்வி: ஸ்டாண்ட்பை இருக்கும்போது பேக்கப் எதற்கு? (வாசகி, சேலம்)

பதில்: நீங்கள் தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் ஸ்டாண்ட்பை அதையும் விசுவாசமாகக் காப்பி செய்து தானும் அழித்துவிடும், அதற்குத்தான்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டாம் நிலை சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை டேட்டாபேஸையே அழித்துவிட்டார். ஓரிரு வினாடியில் நிறுத்தினார், ஆனால் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப்பைத் தேடுவோம் என்று போனால் ஐந்து விதமான ஏற்பாடுகளில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி வேறு பதிப்பு என்பதால் தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் தள்ளுபடி ஆகியிருக்கின்றன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) ஒன்று தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். நடந்ததை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள், மெச்ச வேண்டும்.

2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். அதனால் ஒரு பிரதி வேறு ரீஜியனில், வேறு அக்கவுண்டில், வேறு பாஸ்வேர்டில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது சர்வரில் அதை ரீஸ்டோர் செய்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். திருப்பூர் நண்பரிடம் கேட்கச் சொன்ன முதல் கேள்வியில், தொழில் தாங்கும் நேரத்துக்குள் மீள முடியுமா என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: நாங்கள் டெஸ்ட் மட்டும்தான் செய்கிறோம், பில் மட்டும் மாதாமாதம் ஏறுகிறது. எங்கே போகிறது? (வாசகர், சென்னை)

பதில்: சர்வரை அழித்திருப்பீர்கள், டிஸ்க்கை மறந்திருப்பீர்கள். யாருக்கும் ஒட்டாமல் கிடக்கும் டிஸ்க்குக்கும் வாடகை ஓடும், பழைய ஸ்னாப்ஷாட்டுக்கும் ஓடும். அமேசானில் 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி (இன்டர்நெட்டில் சர்வரைக் கண்டுபிடிக்க உதவும் எண்) ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட், அதாவது மாதம் ஏறக்குறைய 3.65 டாலர். அடுத்தது நாட் கேட்வே, உள்ளே இருக்கும் சர்வர்கள் இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல்: மணிக் கட்டணம் போதாதென்று அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம். உங்கள் சர்வர் எஸ்3யுடன் (அமேசானின் ஃபைல் கிடங்கு) பேசுவதெல்லாம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தால், எஸ்3க்கு நேர்வழி திறக்கும் கேட்வே எண்ட்பாயின்ட் ஒன்று போடுங்கள், அது இலவசம். கிளவுட்வாட்ச் என்ற அமேசான் சேவையில் சேரும் லாகுகளுக்கு, அதாவது சர்வர் நடப்புப் பதிவுகளுக்கு, நீங்கள் கெடு வைக்காவிட்டால் அவை என்றைக்கும் அழியாது.

டெஸ்ட் மெஷின் ராத்திரி யாருக்காக ஓடுகிறது? வாரத்துக்கு 168 மணி நேரம், உங்கள் ஆட்கள் உட்காருவது 50 மணி நேரம் இருக்குமா? மீதி நேரம் தானாக அணையும்படி வைத்தாலே டெஸ்ட் மெஷின்களின் வாடகையில் பெரும்பகுதி குறையும். பட்ஜெட் அலர்ட்டும் வையுங்கள், ஆனால் அது தகவல்தான் சொல்லும், செலவை நிறுத்தாது, அதுவும் சில மணி நேரம் தாமதமாகத்தான் வரும். ஒரு வருடம், மூன்று வருடம் ஒப்பந்தம் போட்டால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். உண்மைதான், ஆனால் அளவைக் குறைத்த பிறகு போடுங்கள். இல்லாவிட்டால் வீணாகும் சர்வருக்குத் தள்ளுபடி வாங்கின கதையாகிவிடும்.

கேள்வி: தீபாவளி விற்பனைக்கு ஆட்டோ ஸ்கேலிங் (கூட்டத்துக்கு ஏற்ப சர்வர் எண்ணிக்கை தானாகக் கூடிக் குறைவது) போதாதா? (வாசகர், மதுரை)

பதில்: புது சர்வர் எழுந்து நிற்கச் சில நிமிடம் ஆகும், சலுகை அறிவித்த முதல் நிமிடத்திலேயே கூட்டம் வந்துவிடும். முந்தைய இரவே எண்ணிக்கையைக் கூட்டிவிடுங்கள். படங்களை சிடிஎன்னுக்கு, அதாவது பல ஊர்களில் நகல் வைத்து அருகிலிருந்து அனுப்பும் சேவைக்கு, தள்ளுங்கள். சர்வர் எண்ணிக்கைக்கு அதிகபட்ச வரம்பும் வையுங்கள். ஆப் சர்வர் பத்தாகப் பெருகினாலும் டேட்டாபேஸ் ஒன்றுதான், திணறுவது அநேகமாக அங்கேதான்.

கேள்வி: ஃபைல் சேமிக்கும் சேவை நடத்தும் டிராப்பாக்ஸ் கிளவுட்டை விட்டு வெளியேறி லாபம் பார்த்ததாமே? எங்கள் பில் மாதம் 18,000 ரூபாய். நாங்களும் சொந்த சர்வர் வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: டேட்டாவின் பெரும்பகுதியைச் சொந்த இடத்துக்கு மாற்றி இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சம் பிடித்ததாக டிராப்பாக்ஸ் 2018இல் தாக்கல் செய்த பங்கு வெளியீட்டு ஆவணம் சொல்கிறது. அவர்களிடம் அதற்கென்றே பொறியாளர் படை இருந்தது. நீங்கள் யுபிஎஸ், ஏசி, இரண்டு இன்டர்நெட் லைன், ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்க ஓர் ஆள், இவற்றைக் கூட்டிப் பாருங்கள், 18,000 தாண்டிவிடும். லோட் வருடம் முழுக்க ஒரே மாதிரிதான் என்றால், மாத வாடகை நிர்ணயித்த விபிஎஸ் (ஒரு பெரிய சர்வரில் உங்களுக்கென்று பிரித்துத் தரும் பகுதி) ஒன்றுக்கு விலை கேளுங்கள்.