மண்குதிரையின் வயிறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவின் தாங் வம்சக் காலத்து (கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) ஈமக் குதிரைகளை, அதாவது இறந்தவரோடு புதைத்த மண்பொம்மைகளைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகளைப் படித்துவிட்டு, வாராவாரம் போகும் மண்பாண்ட வகுப்பில் நானும் ஒன்று செய்துபார்த்தேன். ஒரு சாண் உயரம். சூளையில் வெடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த இன்னொருவரின் கிண்ணங்கள் இரண்டும் சேர்ந்து போயின. அது கிடக்கட்டும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே, புதைப்பதற்கென்று இத்தனை அழகாகச் செய்தார்களே, பேரும் புகழும் வேண்டாத அந்தக் கலைஞர்களின் மனதை எப்படிப் புரிந்துகொள்வது? மனிதர்களை உயிரோடு புதைத்த கொடுமையை நிறுத்தியதும் இந்தப் பொம்மைகள்தான் என்று எங்கோ படித்தேன். கலை செய்த கருணை அல்லவா அது?

கே.

அன்புள்ள கே,

முதலில் குதிரை. உள்ளே குடையாமல் கெட்டியாகப் பிடித்திருப்பீர்கள். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும். சூடு ஏறும்போது அது ஆவியாகும், போக வழி இல்லையென்றால் மண்ணைப் பிளந்துகொண்டு போகும். தாங் குதிரையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க முடிந்தால் (எந்த அருங்காட்சியகத்திலும் விடமாட்டார்கள்) வயிற்றில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கும். உள்ளே வெறும் கூடு.

அச்சின் பாதிகளில் மண்ணை விரலால் அழுத்தி எடுத்து, களிமண் கூழ் தடவி ஒட்டுவார்கள். தலை, கால்கள் எல்லாம் தனித்தனியே செய்து சேர்ப்பது. ஒட்டிய தடத்தை வெளியே வழித்துவிடுவார்கள். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்ட விரல் தடங்கள் இன்றும் இருக்கின்றன. வெள்ளைக் களிமண். ஒருமுறை நன்றாகச் சுட்டபின் ஈயம் கலந்த பூச்சைப் பூசி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். செம்பு பச்சையைத் தரும், இரும்பு தேன் நிறத்தை, கோபால்ட் நீலத்தை. ஈயப் பூச்சு உருகி ஓடும் குணமுள்ளது. நீங்கள் ரசித்த அந்த வழிசல்கள் அப்படி வந்தவை. மனித உருவங்களில் மட்டும் முகத்துக்குப் பெரும்பாலும் பூச்சு போடமாட்டார்கள். கண்ணும் மூக்கும் பூச்சில் மழுங்கிவிடும் அல்லவா? சுட்டு ஆறியபின் தூரிகையால் கண், புருவம், சிவந்த உதடு வரைவார்கள். ஒரே அச்சில் பிறந்த பத்துப் பேர் பத்துப் பேராக ஆவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஈயப் பூச்சை மட்டும் நீங்கள் முயலவேண்டாம். பிணத்தை அது ஒன்றும் செய்யாது, உங்களைச் செய்யும்.

யாரும் பார்க்கவில்லை என்கிறீர்கள். ஊரே பார்த்தது. தாங் காலத்தில் சவ ஊர்வலத்தில் இந்தப் பாவைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். எத்தனை, எவ்வளவு உயரம் என்று தெருவில் எண்ணிப் பார்த்திருப்பார்கள், நம் கல்யாணச் சீர்வரிசையை எண்ணுவதுபோல. அரசு சட்டம் போடவேண்டியதாயிற்று. அதிகாரிகளில் முதல் நிலைதான் உச்சம்; மூன்றாம் நிலை வரை 90 பாவைகள், ஐந்தாம் நிலை வரை 60, ஒன்பதாம் நிலை வரை 40. கி.பி. 741இல் அவற்றை 70, 40, 20 என்று வெட்டினார்கள், சாமானியருக்கு 15. யாரும் மீறாததற்கு யாரும் வரம்பு போடுவதில்லை.

பேர் வேண்டாத கலைஞர்களா? தாங் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன், சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்காகச் செய்த மண்படை வீரர்களின் உடலில் எண்பதுக்கும் மேற்பட்ட பட்டறைத் தலைவர்களின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. சிலது முத்திரையாகக் குத்தியவை, சிலது கீறி எழுதியவை. செய்த பொருளில் செய்தவன் பெயர் இருக்கவேண்டும் என்பது அந்த நாட்டின் விதி. உருப்படியில் குறை தெரிந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியவேண்டுமே. அந்தப் பெயர்களைப் படிக்கும்போது எனக்குப் புகழ் ஞாபகம் வருவதில்லை, கங்காணி ஞாபகம் வருகிறான்.

கருணை விஷயத்தில்தான் உங்களோடு அதிகம் முரண்படுகிறேன். அந்தப் பேரரசரின் சின் நாட்டில், அவருக்கு முன்பே, மனிதர்களை உடன் புதைக்கும் வழக்கத்தை கி.மு. 384இல் சட்டமாகவே தடை செய்தார்கள். கி.மு. 210இல் பேரரசர் இறந்தார். கல்லறை மேட்டுக்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் ஆயிரக்கணக்கான மண் வீரர்கள் நிற்கிறார்கள். ஆனால் பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களையும், ரகசியம் வெளியே போய்விடும் என்று உள்ளே வேலை செய்தவர்களையும் அதே கல்லறையில் சாகவிட்டதாக வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிவைத்திருக்கிறார். மண்ணும் போயிற்று, மனிதரும் போனார்கள்.

சீன ஞானி கன்ஃபூசியஸுக்கு இந்தப் பாவைகளைக் கண்டாலே ஆகாது. முதன்முதலில் பாவை செய்தவன் வம்சம் விளங்காமல் போகட்டும் என்று அவர் சபித்ததாக, அவர் வழியில் பின்னால் வந்த ஞானி மென்சியஸ் சொல்கிறார். வைக்கோல் உருவம் வைத்தால் அவருக்குச் சம்மதம். ஆளைப் போலவே இருப்பதை ஆளுக்குப் பதில் குழியில் இறக்கிப் பழகினால், பிறகு ஆளையே இறக்கக் கை கூசாது என்பது அவர் பயம். இறந்தவருக்கு வைக்கும் பொருள் எதற்கும் உதவாததாக இருக்கவேண்டும் என்பது அவர் பெயரில் வரும் பழைய போதனை. மண்பாத்திரம் கழுவ உதவாது, யாழுக்கு நரம்பு உண்டு, சுருதி கூட்டியிருக்காது. இறந்தவரை ஒரேயடியாக இறந்தவராக நடத்துவது அன்பில்லாத செயல், உயிரோடு இருப்பவராக நடத்துவது அறிவில்லாத செயல். மண்படையைச் செய்தவர்கள் இந்த நடுவழியை விட்டு வெகுதூரம் போய்விட்டார்கள். நான் கன்ஃபூசியஸ் கட்சி.

ஆனால் உங்கள் கேள்விக்கு இடம் இல்லாமல் இல்லை. சின்னுக்குப் பின் வந்த ஹான் வம்சத்துப் பேரரசர் ஜிங் கி.மு. 141இல் இறந்தார். சிஆன் நகருக்கு அருகே அவர் கல்லறைக் குழிகளில் கிடைத்த பாவைகள் இரண்டடி உயரம். மரக்கை பொருத்தி, துணி உடுத்திப் புதைத்தார்கள். மரமும் துணியும் மக்கி, இன்று கையில்லாமல் அம்மணமாக நிற்கின்றன. ஆண், பெண், விதை நீக்கிய அரண்மனைச் சேவகன் என்று உடலிலேயே பேதம் காட்டியிருக்கிறார்கள். உடுத்தியபின் எந்த ஊர்வலத்திலும் யார் கண்ணிலும் படாத இடம் அது. நீங்கள் தேடும் ஆள் அந்தப் பட்டறையில் இருந்திருக்கலாம்.

அடுத்த குதிரையை இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, சுவரை விரல் கனத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒட்டுங்கள். வயிற்றில் ஓட்டை போட மறக்கவேண்டாம். நிழலில் வாரக்கணக்கில் காயட்டும். அதற்குள் அந்தக் கிண்ணக்காரருக்கு இரண்டு கிண்ணம் செய்துகொடுத்துவிடுங்கள்.