மலையின் உட்புறத்தைக் காட்டும் மியூவான்கள்: கேள்வி பதில்

வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற அண்டக் கதிர்த் துகள்களைக் கொண்டு மலை, கட்டடம், அணு உலை ஆகியவற்றின் உட்புறத்தை அறியும் முறை பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பௌதிகவியல் கற்பித்தவன் என்ற அளவிலேயே பேசுகிறேன். புதையல், மாணிக்கக் குழி, வாஸ்து ஆகியவை என் துறை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பண்டாரவளை, உயர்தர மாணவி: சேர், எக்ஸ் கதிர் ஒரு கொங்கிறீற்றுச் சுவரிலேயே தங்கிவிடுகிறது. வானத்திலிருந்து வரும் துகள் மட்டும் எப்படி ஒரு மலையைக் கடக்கிறது?

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள், மகள். விண்வெளியிலிருந்து வரும் புரோத்தன்கள், தரையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் காற்றின் அணுக்கருக்களோடு மோதுகின்றன. அந்த மோதலில் பிறக்கும் பயோன்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் உடனே சிதைந்து மியூவான்களாகின்றன. மியூவானின் திணிவு இலத்திரனின் திணிவைப் போல் 207 மடங்கு. இலத்திரன் பாறையில் நுழைந்தவுடன் கதிர்வீசிச் சத்தியை இழந்துவிடும். பாரமான மியூவான் அப்படிச் செய்வதில்லை. புரோத்தனைப் போல அணுக்கருவோடு வலுவாக மோதி உடைவதும் இல்லை. வழியிலுள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்களைத் தட்டிவிட்டபடி, ஒரு மீற்றர் பாறைக்கு ஏறத்தாழ அரை கிகா இலத்திரன்வோல்ட் (துகள்களின் சத்தியை அளக்கும் அலகு) என்ற கணக்கில், சிறிது சிறிதாகவே சத்தியைச் செலவிடுகிறது.

கடல் மட்டத்துக்கு வரும் மியூவானின் சராசரிச் சத்தி 4 கிகா இலத்திரன்வோல்ட். அது எட்டு மீற்றர் பாறையோடு தீர்ந்துவிடும். நூறு மீற்றரைத் தாண்ட அறுபது கிகா இலத்திரன்வோல்ட் அளவில் வேண்டும், அத்தகையவை மிகச் சிலவே. இந்த அரிதான தன்மைதான் நமக்கு உதவுகிறது. மழைக்குச் சவுக்கு மரத்தடியில் ஒதுங்கி நிற்பவர், தம்மீது விழும் துளிகளை எண்ணியே தலைக்கு மேல் எங்கே இலை அடர்த்தி, எங்கே கிளை முறிந்த வெளி என்று சொல்லிவிடலாம் அல்லவா? மலைக்கு அடியில் கருவியை வைத்து, எந்தத் திசையிலிருந்து எத்தனை மியூவான்கள் வருகின்றன என்று எண்ணுவதும் அதே வேலைதான். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வரும் திசையில் பாறை குறைவு, அதாவது வெற்றிடமோ இலேசான மண்ணோ இருக்கிறது.

இன்னொன்றையும் உயர்தர மாணவர் கவனிக்கலாம். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன், ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீற்றர்தான் போகமுடியும். இருந்தும் 15 கிலோமீற்றர் கடந்து தரைக்கு வருகிறது என்றால், அது சார்புக் கொள்கையின் கால நீட்சிக்கு, அதாவது வேகமாக ஓடும் பொருளுக்கு நேரம் நமக்கு மெதுவாகக் கழிவதாகத் தெரியும் என்பதற்கு, நேரடிச் சான்று.

ஹட்டன், புகையிரத நிலைய ஊழியர்: ஐயா, இதை முதலில் எங்கே செய்தார்கள்? நம் சுரங்கப் பாதைகளில் செய்ய முடியுமா?

அவுஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைத்தொடரில், நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்த குதேகா சுரங்கத்துக்கு மேலே எவ்வளவு பாறைச் சுமை இருக்கிறது என்று 1955இல் ஜோர்ஜ் என்பவர், கதிர்த் துகள்களை எண்ணும் கைகர் எண்ணிகளால் அளந்தார். தொடக்கமே ஒரு மலைச் சுரங்கம் என்பது நமக்குப் பொருத்தமானது. பிறகு பௌதிகவியலாளர் லூயிஸ் அல்வாரெஸ் எகிப்தின் காஃப்ரே பிரமிட்டுக்குள், துகள் போகும் வழியை மின்பொறிகளால் காட்டும் பொறிக்கூண்டுகளை வைத்தார். ஆராய்ந்த பகுதி பிரமிட்டின் 19 வீதம். அதற்குள் மறைவறை எதுவும் இல்லை என்று 1970இல் வெளியிட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்வதும் அறிவியலில் ஒரு விடை. கூஃபு பிரமிட்டில், பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீற்றர் நீளமான வெற்றிடம் இருப்பதை 2017இல் மூன்று வகைக் கருவிகள் தனித்தனியாகக் கண்டன. அதே பிரமிட்டின் வடக்கு முகத்துக்குப் பின்னாலிருந்த 9 மீற்றர் நீள நடையை 2023இல் மெல்லிய கமெராக் குழாய் நுழைத்துக் கண்ணாலும் பார்த்துவிட்டார்கள்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில், பாவனையில் இல்லாத அல்ஃப்ரெட்டன் பழைய புகையிரதச் சுரங்கத்தில் கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேலே மறைந்துபோயிருந்த செங்குத்துக் குழியொன்றைக் கண்டறிந்து 2020இல் எழுதினார்கள். அந்தக் காலத்தில் சுரங்கம் வெட்டியவர்கள் மேலிருந்து குழி இறக்கி, வேலை முடிந்ததும் வாயை மூடிவிட்டுப் போவது வழக்கம். வரைபடத்தில் அது இருக்காது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கமும் ஆவி எஞ்சின் காலத்தது. இந்த முறைக்கு அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் கிடையாது: கருவி கீழே, பாறை மேலே. ரயில் ஓடும் பாதை என்பதால் சுவரோரப் பதுங்கிடத்தில் அடங்கும் மெல்லிய கருவிதான் சரிப்படும்.

மாத்தளை வாசகர்: எங்கள் காணியில் நிலத்துக்கு அடியில் பழைய பொருட்கள் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். மேலே நின்று இந்தக் கருவியால் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. மியூவான் மேலிருந்துதான் வருகிறது. பார்க்க வேண்டிய பொருள் கருவிக்கு மேலேயோ, மலையானால் பக்கவாட்டில் சாய்வாகவோ இருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் ‘கொஸ்மிக் ஸ்கேனர்’ என்று எவராவது விற்க வந்தால் அவர் ஏமாற்றுகிறார். புதையல் தோண்டுவது இந்த நாட்டில் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்ல, சுற்றுலா வழிகாட்டி: இராவணன் குகையிலிருந்து போகும் சுரங்கங்களைக் கண்டுபிடிக்கலாமா?

குகைத் தரையில் கருவியை வைத்தால் குகைக்கு மேலேயுள்ள பாறையில் வெற்றிடம் உண்டா என்று தெரியும். கீழே இறங்கிப் போகும் பாதை எதுவும் தெரியாது. காரணம் மாத்தளை வாசகருக்குச் சொன்னதே. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

கண்டி, சரக்குப் போக்குவரத்துத் துறையினர்: தடித்த ஈயப் பெட்டிக்குள் இருப்பதையும் காட்டும் என்கிறார்களே, அது எப்படி?

அது சற்று வேறு முறை. அங்கே தடைப்பட்ட மியூவான்களை எண்ணுவதற்குப் பதிலாக, கடந்து வந்தவை எவ்வளவு வளைந்தன என்று அளக்கிறார்கள். அணு எண் பெரிதான பொருளில், அதாவது ஈயத்திலும் யுரேனியத்திலும், மியூவான் கூடுதலாகச் சிதறும். பொருளுக்கு மேலும் கீழும் கருவி வைத்து, உள்ளே போன கோட்டையும் வெளியே வந்த கோட்டையும் ஒப்பிட வேண்டும். லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தினர் 2003இல் இதைக் காட்டினர். யப்பானில் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலோ, முன்பு சொன்ன எண்ணும் முறையே கைகொடுத்தது. முதலாம் உலையின் மையத்தில் எரிபொருள் எஞ்சியிருக்கவில்லை என்பதை 2015இலும், இரண்டாம் உலையின் கலத்தடியில் பெருமளவு தங்கியிருக்கிறது என்பதை 2016இலும் மியூவான்கள் காட்டின. மனிதன் நெருங்க முடியாத கட்டடத்துக்கு வெளியே கருவி பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தது.

தலவாக்கலை, தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர்: இவ்வளவு சொல்கிறீர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னாலுள்ள சரிவில் இதைப் பூட்டினால், மண் நீரூறும்போதே மண்சரிவை அறிந்துகொள்ளலாமே. ஏன் எவரும் செய்வதில்லை?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். கருவிக்கு மேலே ஐம்பது மீற்றர் பாறை. அதன்மேல் ஐந்து மீற்றர் மண் என்று கொள்வோம். மழையில் மண்ணின் கனவளவில் பத்தில் ஒரு பங்குக்கு நீர் கூடுதலாக ஏறினால், அது அரை மீற்றர் நீர். ஐம்பது மீற்றர் பாறை 130 மீற்றர் நீருக்குச் சமன். ஆகவே சுமையில் மாற்றம் 0.4 வீதம், இந்த ஆழத்தில் மியூவான் எண்ணிக்கையில் மாற்றம் அதைப்போல் இருமடங்கு, 0.8 வீதம் அளவில் இருக்கும். எண்ணும் முறையில் பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: நூறு எண்ணினால் பத்து வீதம், பத்தாயிரம் எண்ணினால் ஒரு வீதம். அந்த 0.8 வீதத்தை நம்பகமாகக் காண, பிழை அதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும்; அதற்கு ஏறத்தாழ 140,000 மியூவான்கள் வேண்டும். ஒரு சதுர மீற்றர் கருவி, பத்துப் பாகை அகலமான சாளரத்தினூடாக நேர் மேலே பார்த்தால், நாளொன்றுக்கு ஐயாயிரம் அளவில் கிடைக்கும். அப்படியானால் ஒரு மாதம். சரிவோ ஓர் இரவில் வருகிறது.

அதே உத்தியோகத்தர்: ஐம்பது மீற்றர் பாறைக்கு அடியில் ஏன் வைக்க வேண்டும்? மண்ணுக்குள்ளேயே ஐந்து மீற்றர் துளையிட்டுச் சிறிய கருவியை இறக்கினால்?

இது கூர்மையான மறுப்பு. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். அங்கே மேலேயுள்ள சுமை பத்து மீற்றர் நீருக்குச் சமன். அரை மீற்றர் நீர் அதில் ஐந்து வீதம். மியூவான்களும் ஏராளம், சில மணித்தியாலங்களில் பத்தாயிரம் சேர்ந்துவிடும். எண்ணிக்கை தடையல்ல. ஆனால் மியூவான் அறிவது மொத்தத் திணிவை மட்டுமே. சரிவை இளக்குவது மண் துளைகளில் ஏறும் நீரமுக்கம். ஒரே அளவு நீருள்ள இரண்டு சரிவுகளில், அடியில் வடிகால் உள்ளது நிற்கும், அடைபட்டது இறங்கும். நீங்கள் போட்ட அதே துளையில் ஒரு நீரமுக்கமானியை இறக்கினால் அந்த அமுக்கத்தை உடனே சொல்லிவிடும், விலையும் குறைவு. துளை போடக் காசிருந்தால் அதைத்தான் இறக்குவேன்.

பதுளை, புவியியல் ஆசிரியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீரமுக்கமானி ஒரு புள்ளியை மட்டுமே காட்டும். மியூவான் ஒரு கூம்பு முழுவதையும் பார்க்கும். இரண்டையும் சமமாக ஒப்பிடுவது சரியா?

கூம்பைப் பார்ப்பது உண்மை; பருவத்துக்குப் பருவம் ஒரு சரிவு எவ்வளவு நீரைத் தாங்கிக்கொள்கிறது என்று ஆய்வு செய்ய அது அருமையான கருவிதான். மேல்மண்ணின் ஈரத்தைப் பரந்த நிலத்துக்கு அறிய, அண்டக் கதிர் உண்டாக்கும் நியூத்திரன்களை எண்ணும் முறையும் வெளிநாடுகளில் பழக்கத்தில் இருக்கிறது. அதை நீங்கள் படிக்கலாம். எச்சரிக்கை என்று வரும்போது என் நிலைப்பாடு மாறாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று வைத்திருக்கிறது. மழைமானியே அதற்குப் போதும். பதுளை மாவட்டத்து மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் லயங்கள் புதையுண்டபோது, அந்தச் சரிவு ஆபத்தானது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அங்கே இல்லாமற்போனது போக்கிடம். ஒரு மியூவான் கருவியின் செலவில் எத்தனை வீடு கட்டலாம் என்பதை உத்தியோகத்தர் தம் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கட்டும்.

பெயர் தராத வாசகர்: பாறைக்கு அடியிலுள்ள தங்கத்தை...

மாத்தளைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நுவரெலியா வாசகர்: நாம் உயரத்தில் இருப்பதால் நமக்குக் கூடுதலாகக் கிடைக்குமா?

மொத்த எண்ணிக்கை கொழும்பைவிடக் கூடுதல். அதேநேரம் நாம் காந்த மத்தியகோட்டுக்கு அருகில் இருப்பதால் குறைந்த சத்தியுள்ள அண்டக் கதிர்களைப் பூமியின் காந்தப்புலம் திருப்பிவிடுகிறது. தடித்த பாறையை ஊடுருவும் மியூவான்களுக்கு இந்த இரண்டும் பெரிய பொருட்டல்ல. நம் உறவுகள் பலர் 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு குடியேறிய நீலகிரியில், உதகமண்டலத்தில், கிரேப்ஸ்-3 என்ற நிலையத்தில் 560 சதுர மீற்றர் மியூவான் கருவி இயங்குகிறது. 2014 டிசம்பரில் அதற்கு மேலே திரண்ட ஓர் இடிமேகம் மியூவான்களைச் சற்றுக் குறைத்தது. அந்தக் குறைவைக் கொண்டு மேகத்துக்குள் 130 கோடி வோல்ற்று இருந்ததாகக் கணித்து 2019இல் அறிவித்தார்கள். முகிலின் உட்புறத்தையும் மியூவான் காட்டும்.

பலாங்கொடை வாசகர்: சமனலவெவ அணையின் நீர்க்கசிவு வழியைக் காணலாமா?

வலக்கரை மலைக்குள், கசிவுக்குக் கீழே கருவி வைக்க ஒரு சுரங்கம் இருந்தால், அதற்கு மேலேயுள்ள பெரிய பொந்துகளைக் காணலாம். நீர் போகும் மெல்லிய வெடிப்புகளைக் காண முடியாது. கருவிக்குக் கீழேயுள்ளவை எப்போதும் தெரியாது.

வெலிமடை, தாய் ஒருவர்: பிள்ளைகளுக்குத் தீங்கா?

இல்லை, அம்மா. கருவி எந்தக் கதிரையும் வீசுவதில்லை; எப்படியும் நம்மூடாகப் போய்க்கொண்டிருப்பவற்றை எண்ணுகிறது, அவ்வளவே.

அப்புத்தளை, விஞ்ஞான மன்ற மாணவர்: சேர், பாடசாலையில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

முடியும், தம்பி. இரண்டு கைகர் குழாய்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒரு சாண் இடைவெளியில் பொருத்தி, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணும்படி ஒரு சிறிய நுண்கட்டுப்பாட்டுப் பலகைக்கு நிரல் எழுதுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டும். சட்டகத்தைச் சாய்த்தால் எண்ணிக்கை, செங்குத்திலிருந்து சாய்ந்த கோணத்தின் கோசைன் வர்க்கப்படி குறைவதைக் காண்பீர்கள். அடுத்து, இரண்டு மாடிக் கட்டடத்தில் மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் அளந்து கொங்கிறீற்றுத் தட்டின் தடிப்பைக் கணிக்க முயலுங்கள். மறந்துவிடாமல் ஓர் இரவு குழாய்களைப் பக்கம் பக்கமாகத் தள்ளி வைத்து எண்ணி, தற்செயலாகச் சேர்ந்து துடித்தவற்றை மற்ற எல்லா அளவுகளிலிருந்தும் கழித்துவிடுங்கள்.