பழைய காரின் பின்பக்கம் ஏன் அலைகிறது? கேள்வி பதில்

பழைய கார்களில் மாற்றம் செய்த பிறகு பின்பக்கம் அலைகிறது, வீசுகிறது என்று எழுதிய எல்லோருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு அலைகிறது என்பதை விட எப்போது அலைகிறது என்பதைக் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, மேடு பள்ளத்திலா? பாதி நோய் அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

கேள்வி: பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுப் பட்டைகளாலான வில்) உள்ள கார். சக்தி கூடிய என்ஜின் வைத்த பிறகு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வலப்பக்கமும் விட்டால் இடப்பக்கமும் இழுக்கிறது. வீல் அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறி மிகத் தெளிவானது ஐயா. உங்கள் பின் ஆக்சில், அதாவது இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு, தானே காரைத் திருப்புகிறது. மிதிக்கும்போது சக்கரங்கள் ஆக்சிலை முன்னோக்கித் தள்ளுகின்றன. ஒரு பக்கப் பிடிப்பு தளர்ந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் சற்று முன்னே நகரும்; விட்டதும் பின்னே வரும். முன் சக்கரங்களை மட்டும் அளக்கும் அலைன்மென்ட்டில் இது தெரியவே தெரியாது. பழைய என்ஜினின் சக்திக்கு அடங்கிக் கிடந்த தளர்ச்சி, புது என்ஜின் வந்ததும் வெளிப்பட்டிருக்கிறது.

சமதளத்தில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். பழைய கார்களில் சில மில்லிமீட்டர் வேறுபாடு இயல்பு. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். பிறகு காரை ராம்ப்பில் ஏற்றி, என்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஸ்பிரிங்கின் முன்கண் (முன்முனை வளையம்) புஷ்ஷை, அதாவது அந்த வளையத்துக்குள் இருக்கும் மெத்தை உறையை, கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டும் யூ-போல்ட்டுகளின் இறுக்கத்தையும் பாருங்கள்.

கடைசியாக, பலரும் மறந்துவிடும் ஒன்று: ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றாகப் பிடிக்கும் நடு போல்ட். அதன் தலைதான் ஆக்சில் தட்டில் உள்ள துளைக்குள் அமர்ந்து, ஆக்சில் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நான் சரிபார்த்த ஒரு காரில் புஷ்ஷை இரண்டு முறை மாற்றியும் இழுப்பு நிற்கவில்லை. அளந்தபோது ஒரு பக்கம் 12 மில்லிமீட்டர் குறைவு. நடு போல்ட் அறுந்து, ஆக்சில் ஸ்பிரிங்கின் மேல் சறுக்கியிருந்தது. அன்றிலிருந்து அளக்காமல் எந்தப் பாகத்தையும் நான் மாற்றுவதில்லை.

கேள்வி: அகலமான டயர் உரசாமல் இருக்க நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைக் காரோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) போட்டுப் பின்பக்கத்தை உயர்த்தினேன். இப்போது வளைவுகளில் பயமாக இருக்கிறது.

பயப்படுவது நியாயம்தான். லீஃப் ஸ்பிரிங்கின் முன்பாதி ஒரு கை போல வேலை செய்கிறது. அதன் முன்கண்தான் கீல். பின்பக்கத்தை உயர்த்தியதும் அந்தக் கண் ஆக்சிலை விட மேலே போய்விடுகிறது. வளைவில் கார் சாயும்போது வெளிச் சக்கரம் மேலேறிக்கொண்டே பின்னோக்கி நகர்கிறது, உள் சக்கரம் முன்னோக்கி வருகிறது. இதனால் ஆக்சில் முழுவதும் வளைவுக்கு வெளியே பார்க்கத் திரும்பி, பின்பக்கத்தை வெளியே தள்ளுகிறது. ஷாக் அப்சார்பரையும் டயரையும் மாற்றிப் பயனில்லை. பழைய ஷேக்கிளைத் திரும்பப் போடுங்கள். டயருக்கு இடம் இல்லையென்றால் டயரின் அகலத்தைக் குறையுங்கள்.

கேள்வி: நான் செய்தது அதற்கு நேர்மாறு. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 2 அங்குலக் கட்டை வைத்துத் தாழ்த்தினேன். வேகமாகக் கிளம்பும்போது பின்னால் தடதடவென்று அடிக்கிறது.

ஆக்சில் சுருண்டு விடுபடும் சத்தம் அது. சக்கரம் முன்னே உருள, எதிர்விசை ஆக்சில் உறையைப் பின்னோக்கி முறுக்குகிறது. ஸ்பிரிங் நெளிந்து, டயர் பிடியை இழந்ததும் துள்ளித் திரும்புகிறது. கட்டை அந்த முறுக்கலின் நெம்புகோலை நீளமாக்கிவிட்டது. கட்டையை எடுத்துவிட்டு, வளைவு குறைந்த ஸ்பிரிங்கைக் கொண்டு தாழ்த்துவதே சரி. கட்டையை வைத்துத்தான் தீருவேன் என்றால், ஆக்சிலின் முறுக்கலைத் தடுக்கும் தண்டு கட்டாயம் வேண்டும்.

கேள்வி: ஃபோர் லிங்க் சஸ்பென்ஷன் (பின் ஆக்சிலை நான்கு கைகள் பிடிக்கும் அமைப்பு), மேல் கைகள் சாய்வாக இருப்பவை. எல்லா ரப்பர் புஷ்களையும் கெட்டியான பாலியூரித்தேனாக மாற்றினேன். பிடிப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் திடீரென்று விட்டுவிடுகிறது.

அந்தத் "திடீரென்று" என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது. கார் சாயும்போது மேல் கைகளும் கீழ்க் கைகளும் வெவ்வேறு பாதையில் நகரப் பார்க்கும். ரப்பர் முறுகி இடம் கொடுத்ததால்தான் அந்த அமைப்பு வேலை செய்தது. கெட்டியான புஷ் முறுகாமல் சிக்கிக்கொள்கிறது. அப்போது ஆக்சிலே தடிமனான ஆன்டி ரோல் பாராக (கார் சாய்வதைத் தடுக்கும் தண்டாக) மாறி, டயரின் பிடியை ஒரே நொடியில் தட்டிவிடுகிறது. மேல் கைகளில் மட்டுமாவது ரப்பரை மீண்டும் போட்டுப் பாருங்கள், மாற்றம் உடனே தெரியும்.

கேள்வி: 1962 ஷெவர்லே கோர்வேர். நான்கு டயருக்கும் 30 பவுண்டு காற்று வைத்திருக்கிறேன். பின்பக்கம் வழுக்குகிறது.

உடனே காற்றைச் சரிசெய்யுங்கள். அந்தக் காருக்கு நிறுவனமே முன்னால் 15, பின்னால் 26 பவுண்டு என்றுதான் சொன்னது. என்ஜின் பின்னால் இருப்பதால் எடை பின்னால். முன் டயரின் பிடியை வேண்டுமென்றே குறைத்துத்தான் சமநிலையைக் கொண்டுவந்தார்கள். சமமாக நிரப்பியதும் அந்த ஏற்பாடு போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதில் இருப்பது ஸ்விங் ஆக்சில், அதாவது ஒவ்வொரு பின் சக்கரமும் காரின் நடுப்பக்கக் கீலிலிருந்து மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வளைவில் பின்பக்கம் எழும்பினால் வெளிச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கும். அதனால் பின்பக்கத்தை ஒருபோதும் உயர்த்தாதீர்கள். பிடிப்பு அதிகமுள்ள அகல டயரும் இந்த எழும்பலைக் கூட்டவே செய்யும். 1964 மாடலில் குறுக்கு ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்தார்கள், 1965-இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். அந்தக் குறுக்கு ஸ்பிரிங் போன்ற ஒன்றை உங்கள் காரில் பொருத்துவது பற்றித் தீவிரமாக யோசியுங்கள்.

கேள்வி: பின்னால் டிஸ்க் பிரேக் மாற்றினேன். மழையில் பிரேக் பிடித்தால் வால் வீசுகிறது.

பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது. முன் பிரேக் முதலில் பூட்டும்படி, பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வேண்டும். அதுவரை மழையில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: முன்னால் ரேடியல் டயர், பின்னால் பழைய கிராஸ் பிளை (உள் இழைகள் குறுக்காகப் போகும் பழைய வகை டயர்). பரவாயில்லையா?

கூடாது. இன்றே வண்டியை நிறுத்தி, நான்கையும் ஒரே வகையாக மாற்றுங்கள். இதில் மட்டும் சமரசம் கிடையாது.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன் நான்தான் ஐயா. அளந்தேன், 11 மில்லிமீட்டர் வேறுபாடு. நடு போல்ட் நன்றாக இருக்கிறது. வலப்பக்க முன்கண் புஷ் கிழிந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

அளந்து பார்த்ததற்கு நன்றி. இரு பக்கமும் மாற்றுங்கள். ரப்பர் புஷ்ஷாக இருந்தால், கார் ஜாக்கில் தொங்கும்போது கண் போல்ட்டை முழுவதும் இறுக்காதீர்கள். காரைச் சக்கரங்களின் மேல் இறக்கி, ஒரு முறை அழுத்தி ஆட்டிவிட்டு, அந்த உயரத்தில் இறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். யூ-போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் இறுக்கி, அதே இரண்டு அளவுகளை மறுபடி எடுத்து எழுதுங்கள்.