தனியாக முதல் மலேசியப் பயணம்: எதையெல்லாம் இரண்டாக வைத்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி: திருச்சியில் வேலை பார்க்கிறேன், வயது 24. முதல்முறையாகத் தனியாக வெளிநாடு போகிறேன். கோலாலம்பூர், பினாங்கு, மொத்தம் 8 நாள். அம்மாவுக்குப் பயம். பணம், போன், தங்குமிடம், பாதுகாப்பு இவற்றை எப்படித் தயார் செய்வது? இமிகிரேஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வேறு சொல்கிறார்களே?

பதில்: நாலு பேராகப் போனால் ஒருவர் போன் தொலைந்தாலும் இன்னொருவர் போனில் வண்டி பிடிக்கலாம். ஒருவர் கார்டு வேலை செய்யாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பணம் கட்டுவார். தனியாகப் போகிறவருக்கு இல்லாதது அந்த இரண்டாவது ஆள்தான். அம்மா பயப்படுவது வழிப்பறிக்கும் அடிதடிக்கும். நடைமுறையில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது செத்துப்போன போன், முடங்கிய கார்டு, டிக்கெட்டில் தப்பாக ஏறிய பெயர் ஆகியவற்றில். ஆகவே பணம், போன், காகிதம், தொடர்பு கொள்ளும் ஆள் என எல்லாவற்றிலும் இரண்டாவது ஒன்றை ஊரிலேயே ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இது தனிப் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டத்தில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். டிக்கெட் போடும்போது பழக்கத்தில் இனிஷியலை மட்டும் போட்டுவிடுவார்கள். அல்லது பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். டிக்கெட் இணையதளமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. பாஸ்போர்ட்டில் என்ன எழுத்தோ அதையே டிக்கெட்டிலும் போடுவதுதான் விதி. ஒற்றைப் பெயர் என்றால் சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு முறை சொல்லும். பணம் கட்டும் முன்பே அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். தவறாகப் போட்டிருந்தால் செக்-இன் தொடங்கும் முன் திருத்தக் கேளுங்கள். கவுன்ட்டரில் போய் நின்றுகொண்டு திருத்துவது செலவு, சில நேரம் முடியவே முடியாது. பாஸ்போர்ட்டையும் பாருங்கள்: போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

மலேசியாவுக்கு இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா போகலாம். இந்தச் சலுகை 2023 டிசம்பர் 1-ல் தொடங்கியது. 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். விசா இல்லை என்றால் கேள்வி இல்லை என்று அர்த்தம் அல்ல. இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் எம்.டி.ஏ.சி. எனப்படும் டிஜிட்டல் வருகை அட்டையை மலேசிய இமிகிரேஷன் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. தேடல் பக்கத்தில் முதலில் வந்து நிற்பவை பல நேரம் தனியார் தளங்கள். பணம் கேட்டால் மூடிவிட்டு, ‘.gov.my’ என்று முடியும் முகவரிக்குப் போங்கள்.

இனி உங்கள் பெரிய பயம். கோலாலம்பூரில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவதை அங்கே ‘என்.டி.எல்.’ என்பார்கள். சுற்றுலா என்று சொல்லிவிட்டு வேலைக்குத் தங்கிவிடுகிறார்களோ என்ற சந்தேகம்தான் காரணம். இளம் வயது, முதல் பயணம், தனி ஆள் என்றால் அந்தக் கேள்வி நிச்சயம் வரும். திருச்சியில் கிளம்பும்போதே நம் அதிகாரிகளும் கேட்கலாம். காட்ட வேண்டியவை: திரும்பி வரும் டிக்கெட், 7 இரவுக்கும் தங்குமிடப் பதிவு, அலுவலக அடையாள அட்டை, விடுப்புக் கடிதம், கையில் உள்ள ரிங்கிட், கார்டின் இருப்பு. எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு ‘மற்றதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அனுபவசாலிகளுக்குச் சரி. முதல் பயணத்தில் வேண்டாம். பதிவை ரத்து செய்யக்கூடிய வகையில் போட்டால் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்: எத்தனை நாள், எங்கே தங்கல், என்ன பார்க்கப் போகிறீர்கள். தெரிந்தவர் வீட்டில் தங்குவதாகச் சொன்னால் அவர் முகவரியும் போன் எண்ணும் தயாராக இருக்க வேண்டும்.

பணம்

பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு படுக்கை, சாதாரண உணவகம், பேருந்து, ரயில் என்று போனால் ஒரு நாளைக்கு 150 முதல் 200 ரிங்கிட் போதும். ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேல். இதை மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள்: 500, 600 ரிங்கிட் நோட்டாக, பெரும்பகுதி ஃபோரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் கார்டு), அவசரத்துக்கு மட்டும் உங்கள் வங்கியின் டெபிட் அல்லது கிரெடிட் கார்டு. இரண்டு கார்டும் ஒரே பர்ஸில் இருந்தால் அது ஒரு கார்டுதான். ஒன்று உடம்போடு, ஒன்று ஹாஸ்டல் லாக்கரில் பூட்டிய பையில் இருக்கட்டும். அதற்கு ஒரு சின்ன பூட்டும் சாவியும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கிச் செயலியில் நீங்களேதான் அதை இயக்க வேண்டும். ஏ.டி.எம்., கடை மெஷின், ஆன்லைன் மூன்றுக்கும் தனித்தனி பொத்தான் இருக்கும், வரம்பும் தனி. சாதாரண கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் வரை, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. அதாவது 40,000 ரூபாய் செலவழித்தால் சுமார் 1,650 ரூபாய் கட்டணமாகவே போகும். கிரெடிட் கார்டில் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்காதீர்கள். அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

கடையிலோ ஏ.டி.எம்.மிலோ ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டிலா?’ என்று திரை கேட்கும். எப்போதும் ரிங்கிட். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைப்பார். நம் வங்கி வைப்பதைவிட அது மோசமாகவே இருக்கும். யூ.பி.ஐ.யை நம்பிக் கிளம்பாதீர்கள்.

போன்

தனிப் பயணியின் வரைபடம், வண்டி, டிக்கெட், வங்கி, வீடு எல்லாம் இந்த ஒரு பொருளில் அடங்கிவிட்டன. அதனால் இங்கே கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போடாதீர்கள். வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கிவிட்டு, அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். இணையத்துக்கு ஒரு இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்), அல்லது விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கும் உள்ளூர் பிரீபெய்ட் சிம். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். வாடகை வண்டி பிடிக்க உதவும் கிராப் செயலியை ஊரிலேயே பதிவு செய்துவிடுங்கள். அங்கே இறங்கி நின்றுகொண்டு ஓ.டி.பி.க்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ரொக்கமாகக் கொடுக்கும் வசதியும் அதில் உண்டு.

போனே தொலைந்தால்? வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனைக் கொண்டுபோய் லாக்கரில் வையுங்கள். அதில் மின்னஞ்சலும், வாட்ஸ்அப்பை ‘இணைத்த சாதனம்’ ஆகவும் முன்பே திறந்துவைத்திருங்கள். கூகுள் கணக்கில் 10 காப்பு எண்களை எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஒருமுறை பயன்படும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், சிம்மும் போனுடன் போயிருக்கும்போது உங்கள் மின்னஞ்சலுக்குள் நீங்களே நுழைய முடியாமல் போகும். அதே காகிதத்தில் அப்பா, அம்மா எண், ஹாஸ்டல் முகவரி, கார்டை முடக்கும் வங்கி எண். 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைக்காது. +91 போட்டு அழைக்கக்கூடிய சாதாரண எண்ணைத் தேடி எழுதுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டாம். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-அவர். அளவைக் காட்டும் எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பறிமுதல் செய்ய வாய்ப்பு அதிகம். மலேசிய பிளக் மூன்று செவ்வக முனை, நம் சார்ஜர் பொருந்தாது, அடாப்டர் வேண்டும்.

இறங்கியதும்

பகல் வெளிச்சத்தில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் இரண்டு முனையங்கள். ஏர் ஏசியா இரண்டாவதில், பாடிக் ஏர் முதலாவதில். திரும்பும் நாளில் தப்பான முனையத்தில் போய் நிற்காமல் இருக்க இதை இப்போதே குறித்துவையுங்கள். ஊருக்குள் போக கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணியில் நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் விடும், 55 ரிங்கிட். பேருந்து சுமார் 15 ரிங்கிட், ஒரு மணி நேரத்துக்கு மேல். அவசரம் இல்லையென்றால் பேருந்தே போதும். வருகைக் கூடத்தில் ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று பக்கத்தில் வந்து கேட்பவரோடு போக வேண்டாம்.

முதல் தடவைக்கு கே.எல். சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் எங்கள் பரிந்துரை. ரயில்கள் எல்லாம் அங்கே சேர்கின்றன, இரவிலும் நடமாட்டம் உண்டு, தமிழில் கேட்டு வழி தெரிந்துகொள்ளலாம், வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். பினாங்கில் ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு, லவ் லேன் பக்கம் ஹாஸ்டல்கள் நெருக்கமாக உள்ளன. பெண்களுக்கான தனி டார்மிட்டரி, 24 மணி நேர வரவேற்பு, படுக்கைக்கு ஒரு லாக்கர்: இந்த மூன்றும் இல்லாத இடத்தை விலைக்காக எடுக்காதீர்கள். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அதை அங்கே போய்க் கட்டச் சொல்வார்கள், ஏமாற்று அல்ல.

பினாங்குக்கு இ.டி.எஸ். எனும் விரைவு ரயிலில், தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வரை போய், அங்கிருந்து ஃபெர்ரி. ரயில் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பள்ளி விடுமுறையில் சீட் முன்கூட்டியே தீர்ந்துவிடும் என்பதால் ஊரிலிருந்தே பதிவு செய்யுங்கள்.

சாலையில் உண்மையான ஆபத்து பைக்கில் வந்து பையைப் பறிப்பது. பையைச் சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் மாட்டுங்கள், வண்டிகள் எதிரே வரும் திசையில் நடங்கள், ஓரத்தில் நின்று போனைப் பார்க்காதீர்கள். பறித்தால் விட்டுவிடுங்கள், இழுத்துப் பிடித்து விழுந்தவர்களுக்குத்தான் பெரிய காயம். காவல், ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் 999. கே.டி.எம். கம்யூட்டர் எனும் புறநகர் ரயிலில் பெண்கள் பெட்டி உண்டு. பத்துமலையில் கையில் பிளாஸ்டிக் பை வைத்திருந்தால் குரங்கு பாயும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள்; ஊருக்கு வந்து பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

அம்மாவோடு ஒரு நேரம் பேசிவையுங்கள். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. அங்கே இரவு 9 என்றால் இங்கே மாலை 6.30. அந்த நேரத்தில் ஒரு செய்தி வரும். வராவிட்டால் என்ன செய்வது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்: முதலில் ஹாஸ்டலுக்கு அழைப்பது, மறுநாள் காலை வரை தகவல் இல்லையென்றால் இந்தியத் தூதரகத்துக்கு. அவருக்கு நிம்மதி தரப்போவது ‘பயப்படாதே’ என்ற வார்த்தையைவிட அந்த இரண்டு எண்கள்தான்.

அங்கே போனபின் யாராவது ‘டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்தில் நல்ல சம்பளம், விசா பிறகு மாற்றலாம்’ என்றால் பேச்சை அங்கேயே முடியுங்கள். சுற்றுலாவாக வரவழைத்து, தாய்லாந்து வழியாக மியான்மரின் மியாவாடி பக்கம் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி இணைய மோசடி வேலையில் அடைத்துவைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு இளைஞர்களும் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். அதேபோல் ஊரில் தெரிந்தவர் ‘இந்தப் பார்சலை மட்டும் அங்கே கொடுத்துவிடு’ என்றாலும் மறுத்துவிடுங்கள். போதைப்பொருள் வழக்கில் அது யாருடைய பை என்பதுதான் முதல் கேள்வி; மலேசியாவில் தண்டனை தூக்கு வரை போகும்.

மருந்துகளை அதன் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துப்போங்கள். ஊறுகாய் செக்-இன் பெட்டியில் போகட்டும். சிங்கப்பூருக்கும் எட்டிப் பார்க்கலாம் என்று இருந்தால், இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டும், கசகசா கலந்த மசாலாவை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும், மலேசியா திரும்பும்போது வருகை அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும்.

பயணக் காப்பீட்டைக் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். மருத்துவச் செலவுக்கு 50,000 டாலர் உள்ள திட்டம் போதும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்குங்கள். அது இல்லாமல் விழுந்தால் கடைக்காரர் வண்டி கொடுத்திருந்தாலும் காப்பீடு கைவிரிக்கும்.

கடைசியாக, பாஸ்போர்ட் தொலைந்தால் செய்ய வேண்டியது. உள்ளே நுழைந்த அன்றே, இமிகிரேஷன் முத்திரை விழுந்த பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகலும் இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படங்களும் தனிப் பையில் இருக்கட்டும். தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் பதிவு. அதன் நகலோடு கோலாலம்பூர் மோன்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகம். அங்கே ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். பலர் இத்துடன் வேலை முடிந்தது என்று விமான நிலையம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சான்றிதழில் நீங்கள் மலேசியாவுக்குள் வந்த முத்திரை இருக்காது. மலேசிய இமிகிரேஷன் அலுவலகத்திலும் வெளியேற அனுமதி வாங்க வேண்டும். முத்திரைப் பக்கத்தின் படம் அங்கேதான் கைகொடுக்கும். இதற்கெல்லாம் சில வேலை நாட்கள் ஆகலாம். அதனால் புகார் கொடுத்த அன்றே, விமானம் கிளம்புவதற்கு முன்பே, திரும்பும் டிக்கெட்டின் தேதியைத் தள்ளிவிடுங்கள்.