பட்டாணித் தளிரை எங்கே நறுக்குவது?

கேள்வி: வெந்தயமும் கடுகும் மைக்ரோகிரீன்ஸாக (முளைத்த சில நாளில் நறுக்கி உண்ணும் இளந்தளிராக) வளர்த்துப் பழகிய நான், மளிகைக் கடையில் வாங்கிய காய்ந்த பச்சைப் பட்டாணியையும் அதேபோல் ட்ரேயில் விதைத்தேன். பாதி அழுகி நாற்றமெடுத்தது. மீதியை ஒருமுறை நறுக்கிய பிறகு எதுவும் வளரவில்லை. பட்டாணி மறுபடி துளிர்க்கும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: துளிர்க்கும் என்பது உண்மைதான். வெந்தயத்திலும் கடுகிலும் விதையிலைகளே மேலே வந்து விரிகின்றன. அவற்றை நறுக்கிவிட்டால் தண்டில் துளிர்ப்பதற்கு மொட்டு மிஞ்சுவதில்லை. பட்டாணியிலோ விதையிலைகளான பருப்பு இரண்டும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட, தண்டு மட்டும் மேலே வருகிறது. அந்தத் தண்டின் அடியைக் கூர்ந்து பார்த்தால், செதில் போன்ற சிற்றிலை ஒட்டியிருக்கும் கணு ஒன்று தெரியும். அதற்குச் சற்று மேலே நறுக்கினால், கணுவின் இடுக்கில் உறங்கும் மொட்டு பருப்பில் எஞ்சிய சத்தைக் கொண்டு துளிர்விடும். நீங்கள் மண்ணோடு ஒட்ட நறுக்கியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். இரண்டாம் அறுப்பு முதலாவதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனாலும் ஒரு கைப்பிடிப் பட்டாணியில் இருமுறை கீரை கிடைப்பது சிறிய விஷயமல்ல.

அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் உடைந்த விதையும் தேங்கிய நீருமே. முழு விதைகளைப் பொறுக்கி, 8 முதல் 12 மணி நேரம் மட்டும் ஊறவைத்து, அடியில் துளையிட்ட ட்ரேயில் ஈரமான தென்னை நார்க்கழிவின் மேல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகப் பரப்புங்கள். மூன்று நாள் மூடி வைத்து, பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், 10 முதல் 14 நாள்களுக்குள் மூன்று, நான்கு அங்குலம் வளர்ந்து அறுப்புக்கு வந்துவிடும். அதற்கு மேல் விட்டால் தண்டு நாரேறும்.

விதையில் கவனம் வேண்டும். பச்சைப் பட்டாணிக்குச் சாயம் ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரில் போட்டு அரை மணி நேரத்தில் நீர் பச்சையானால் அதை விட்டுவிடுங்கள். சுண்டலுக்கு வாங்கும் முழு வெள்ளைப் பட்டாணி பழைய சரக்காக இல்லாவிட்டால் அதுவே போதும். பூஞ்சைக்கொல்லி பூசிய விதைப் பொட்டலம் கூடவே கூடாது. ‘இனிப்புப் பட்டாணி’ என்று பொருள்படும் பெயருடைய அழகுப் பூச்செடியான ஸ்வீட் பீயின் விதை நச்சுடையது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: பட்டாணித் தளிரும் முளைகட்டிய பயறும் ஒன்றுதானே? இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் என் கணவருக்குப் பச்சையாகக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஒன்றல்ல. முளைகட்டிய பயறை வேரும் விதையுமாக உண்கிறோம். இதில் வேரையும் விதையையும் விட்டுத் தளிரை மட்டும் நறுக்குகிறோம். ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் விதையில் ஒட்டிய கிருமி வேகமாகப் பெருகும். 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை என்னும் பாக்டீரியாத் தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தளிரில் அந்த ஆபத்து குறைவு என்றாலும் அறவே இல்லை எனச் சொல்ல முடியாது. ஆகவே உண்பதற்குச் சற்று முன் நன்றாகக் கழுவுங்கள். கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் வேகவைத்தே கொடுங்கள். சீனர்கள் இதைப் பூண்டோடு சூடான எண்ணெயில் ஒரே புரட்டாகப் புரட்டி இறக்குவார்கள். நம் வீட்டிலும் தேங்காய்த் துருவல் தூவி அப்படிச் செய்தால் பச்சைப் பட்டாணியின் இனிப்பு அப்படியே நிற்கும்.

உங்கள் கணவரின் விஷயம் வேறு. பட்டாணித் தளிரில் வைட்டமின் சி-யுடன் வைட்டமின் கே-யும் உண்டு. வார்ஃபரின் வேலை செய்வதே அந்த வைட்டமின் கே-க்கு எதிராகத்தான். பச்சையோ வெந்ததோ, ஒரு வாரம் நிறையவும் மறு வாரம் ஒன்றுமில்லாமலும் உண்டால் மருந்தின் விளைவு தடுமாறும். மருத்துவரிடம் சொல்லி, அவர் இசைந்தால் தினமும் ஒரே சிறு அளவாகக் கொடுத்து, இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.