சொந்தக் கீபோர்டுக்கு மின்சுற்றுப் பலகை (போர்டு) வடிவமைப்பு: வேலூர் வட்டார நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, 60 விசைகளுக்கு 60 பின்கள் (இணைப்புக் கால்கள்) உள்ள சிப் வேண்டுமா?

வேண்டாம், தம்பி. விசைகளை 5 வரிசை, 12 நிரல் என்று கட்டினால் 17 பின்கள் போதும். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு சிப் பலகையிலேயே 26 இருக்கின்றன. சிப் ஒவ்வொரு நிரலாக மின்னழுத்தம் கொடுத்து, எந்த வரிசையில் பதில் வருகிறது என்று பார்க்கும். ஆனால் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு விசைக்கு ஒன்று கட்டாயம். 1என்4148 என்ற வகை போதும், விலையும் மிகக் குறைவு. அதைத் தவிர்த்தால் என்ன ஆகும் தெரியுமா? தமிழ்99 விசை அமைப்பில் ஆ, ஈ, அ மூன்றையும் சேர்த்து அழுத்தினால், தொடாத இ-யும் அழுத்தியதாகப் பதிவாகும். மின்சாரம் மற்ற மூன்று ஸ்விட்சுகள் வழியே சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. டயோடின் கறுப்புக் கோடு எல்லா விசையிலும் ஒரே பக்கம் இருக்கட்டும்.

குடியாத்தம், டிடிபி கடை நடத்துபவர்: சார், தமிழ்99-க்கென்றே தனி போர்டு போட முடியுமா?

அம்மா, போர்டுக்கு எழுத்து தெரியாது. வரிசையும் நிரலும்தான் தெரியும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் விசையின் இடம் உங்கள் கையில். நாள் முழுவதும் தமிழ் அடிப்பவர் புள்ளிக்காக எஃப் விசையை எத்தனை முறை தட்டுகிறார்! ஸ்பேஸ் பாரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் புள்ளிக்குக் கொடுங்கள். கட்டைவிரலுக்கும் வேலை கிடைக்கும்.

ஆரணி, தட்டச்சுப் பயிற்சியாளர்: வரைபடம் முடிந்துவிட்டது. உடனே ஆர்டர் கொடுக்கலாமா?

பொறுங்கள், ஐயா. போர்டு வரையும் மென்பொருளான கீகேடில் பிழைச் சோதனை தேறினாலும், அது உங்கள் விரலைச் சோதிக்கவில்லை. முழு அளவில் அச்செடுங்கள். 60 விசைப் பலகை பொதுவாக 285.75 மி.மீ. அகலம், ஏ4 தாளில் ஓரம் வெட்டுப்படும் என்பதால் ஜெராக்ஸ் கடையில் ஏ3 கேளுங்கள். பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: ஒரு விசைக்கு 19.05 என்பதால், 10 விசைகள் 190.5 மி.மீ. வரவேண்டும். தாளை அட்டையில் ஒட்டி, துளைகளைக் குத்தி, ஸ்விட்சுகளைச் செருகி, ஒரு பக்கம் தட்டச்சு செய்து பாருங்கள். சுண்டுவிரல் எட்டவில்லை என்பது அட்டையில் தெரிந்தால் செலவு ஒரு தாள்தான்.

ராணிப்பேட்டை, மின்பணியாளர்: டைப்-சி போர்ட் பழைய கேபிளில் வேலை செய்கிறது, இருபுறமும் சி உள்ள கேபிளில் உயிரே இல்லை. ஏன்?

டைப்-சி போர்ட்டின் சிசி1, சிசி2 பின்கள் இரண்டுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் மின்தடையை கிரவுண்டுடன் இணைத்தீர்களா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால், அங்கே ஒரு கருவி இருப்பதே கணினிக்குத் தெரியாது.

வாணியம்பாடி: போர்டை வீட்டிலேயே, செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரித்து எடுக்கலாமா?

செய்யாதீர்கள். இருபக்க போர்டில் துளைக்குள் செம்பு பூச வீட்டில் எளிய வழியில்லை. அதைவிட முக்கியம், மிஞ்சும் கரைசலில் செம்பு கலந்திருக்கும். சாக்கடையில் ஊற்றினால் கடைசியில் பாலாற்றுக்குத்தான் போகும். தோல் கழிவில் அந்த ஆறு பட்டது போதும். போர்டின் வரைபடம் அடங்கிய ஜெர்பர் கோப்பைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். பலரும் குறைந்தது 5 போர்டு என்கிறார்கள், ஆகவே நண்பர்கள் சேர்ந்து பங்கு போட்டு வாங்குங்கள்.