டைட்டானியத்தை மொட்டை மாடி உலையில் அடிக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் மொட்டை மாடியில் சின்னதாக ஒரு கேஸ் உலை வைத்து, லாரி பட்டையில் கத்தி அடித்துப் பழகி வருகிறேன். போன வாரம் ஒரு புரோக்கரிடம் டைட்டானியம் கம்பி வாங்கினேன். உலையில் வைத்தால் வெடிக்கும் என்கிறார் நண்பர். வைக்கலாமா?

பதில்: கட்டியான டைட்டானியம் உலையில் வெடிக்காது. அது உருகவே 1668 டிகிரி வேண்டும். அடிப்பதற்கு 900 டிகிரியை ஒட்டிய சூடு போதும். எனக்குக் கவலை வேறு. உங்களிடம் இருப்பது டைட்டானியம்தானா?

காயலான் கடைகளைச் சுற்றிவரும் புரோக்கர்கள், காந்தம் ஒட்டாமல் லேசாக எது இருந்தாலும் டைட்டானியம் என்று விற்றுவிடுகிறார்கள். மெக்னீசியமும் அப்படித்தான் இருக்கும். அது 650 டிகிரியில் உருகி, கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தீயாக எரியும். அதைத் தெரியாமல் உலைக்குள் வைத்தால் வீடே போய்விடும். கிரைண்டரில் வைத்துப் பொறி பார்க்கும் வேலையும் வேண்டாம், மெக்னீசியத் தூளும் பற்றிக்கொள்ளும்.

தண்ணீரில் எடை போடுங்கள். கம்பியை நூலில் கட்டித் தொங்கும் டிஜிட்டல் தராசில் மாட்டுங்கள். 450 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வாளித் தண்ணீரில், அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் முழுக்க முக்குங்கள். டைட்டானியம் என்றால் 100 கிராம் குறைந்து 350 காட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 57 கிராம்தான் குறையும். அலுமினியம் 167, மெக்னீசியம் 260 வரை குறையும்.

முறையாக வாங்கினால், எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பரோடு டெஸ்ட் சர்ட்டிபிகேட் வரும். ஆனால் ஒரு கிலோ கேட்டுப் போகிறவருக்கு அதை யார் கொடுக்கிறார்கள்? மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது அள்ளுகிற நாடு இது. கேரளத்துச் சவராவில் டைட்டானியம் ஸ்பாஞ்சே, அதாவது கம்பியாக்கும் முன் இருக்கும் கச்சா உலோகமே, தயாராகிறது. இருந்தும் சின்னப் பட்டறைக்காரர் புரோக்கர் வாயை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் ஆத்திரம் தீரவே இல்லை.

சரி, டைட்டானியம்தான் என்று உறுதியாகிவிட்டதா? உலைத் தரையில் கிடக்கும், சூடான இரும்பிலிருந்து உதிர்ந்த செதிலைச் சுத்தமாகக் கூட்டி எடுத்துவிட்டுப் புது நெருப்புச் செங்கல் போடுங்கள். சூடான டைட்டானியம் அந்தச் செதிலில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், தொட்ட இடத்தில் சூடு தாறுமாறாக ஏறும். ஆரஞ்சு நிறம் வந்ததும் எடுத்து அடியுங்கள், மஞ்சளுக்கு விடாதீர்கள். மேல்பரப்பு சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் நாலைந்து அடிக்கு ஒருமுறை உலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். கத்தி ஆசை வேண்டாம், ஸ்டீல் மாதிரி இதற்குப் பதம் ஏறாது. வளையம், கொக்கி செய்யுங்கள்.

நெடுநேரம் சூட்டில் இருந்தால் மேல்தோல் ஆக்சிஜனைக் குடித்து, கடினமாகி, விரிசல் விடும். அதைத் தேய்த்து எடுக்கத்தான் வேண்டும். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான், ஏனென்றால் டைட்டானியத் தூள் எரியும். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், டைட்டானியம் தேய்த்த கிரைண்டரைத் துடைக்காமல் அதிலேயே இரும்பைத் தேய்த்தார்கள். பொறி கீழே குவிந்திருந்த தூளில் விழுந்தது. பதறிப்போன பையன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினான். தீ கூரை வரை எழும்பி அவன் புருவத்தைக் கருக்கியது. எரியும் டைட்டானியம் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜனை வெளியே விடும்.

அப்படியானால் சூடான கம்பியைத் தண்ணீரில் முக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். முக்கலாம். கட்டியான துண்டு, தீப்பிடிக்காமல் வெறுமனே சிவந்திருந்தால், தாராளமாக முக்கலாம், தொழிற்சாலைகளிலேயே செய்கிறார்கள். தூளோ, சீவி எடுத்த சுருளோ எரிந்துகொண்டிருந்தால்தான் தண்ணீர் கூடாது. கம்பி முழுசாக இருந்தாலும் அதில் சுருள் ஒட்டிக்கொண்டு எரிந்தால் அதற்கும் கூடாது. எரிகிறதா, வெறும் சூடா என்று பார்த்துவிட்டு வாளிப் பக்கம் போங்கள்.

தீயணைப்பான் விற்பவர் ஏபிசி பவுடர் எல்லாத் தீக்கும் போதும் என்று தலையில் கட்டப் பார்ப்பார். உலோகத் தீக்கு அது உதவாது, கார்பன் டை ஆக்சைடும் உதவாது. உலோகத் தீக்கென்றே இருக்கும் டி வகை கேளுங்கள். கிடைக்காவிட்டால் வறுத்து ஆறவைத்த மணலோ தூள் உப்போ ஐந்தாறு கிலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சென்னைக் காற்றில் உப்பு கசிந்துவிடும், மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். தூளைத் தினமும் பிரஷ்ஷால் கூட்டி எடுங்கள்.

முதலில் அந்தத் தராசு வேலையைச் செய்து, எத்தனை கிராம் குறைந்தது என்று எழுதுங்கள். கம்பியின் தடிமனையும் சேர்த்து எழுதினால், உலையில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று சொல்கிறேன்.